மண்ணுக்குள் ஒரு துறைமுகம்

ஆறு காட்டிய வழி

செஞ்சி மலைப்பகுதியில் தோன்றும் சங்கராபரணி ஆற்றை மக்கள் வராக நதி என்றும் செஞ்சியாறு என்றும் அழைப்பர். வீடூர் அணையைக் கடந்து, வானூர் வட்டத்துத் திருவக்கரையைத் தொட்டு, வில்லியனூர் வழியாகக் கிழக்கு நோக்கிச் செல்லும் இந்த ஆறு, கடலை நெருங்கும்போது இரண்டாகப் பிரிகிறது. தென்கிளை சுண்ணாம்பாறு, வடகிளை அரியாங்குப்பத்தாறு. வடகிளையின் வலக்கரையில், கடலுக்கு அண்மையில், தென்னையும் மாவும் அடர்ந்த தோப்பாக ஒரு மேடு கிடக்கிறது. அதன் பெயர் அரிக்கமேடு.

வானூர் வட்டத்துப் பள்ளியொன்றின் பதினொன்றாம் வகுப்பு மாணவர்கள் ஒரு சனிக்கிழமை காலையில் அந்த மேட்டைக் காணப் புறப்பட்டார்கள். தமிழாசிரியர் அவர்களை அழைத்துச் சென்றார். ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன் யவனரோடு வணிகம் செய்த துறைமுகம் என்று பாடத்தில் படித்திருந்ததால், மாணவர்கள் மனத்தில் பெரியதொரு காட்சி இருந்தது. உயர்ந்த தூண்கள், அகன்ற படித்துறை, கல்லில் செதுக்கிய கப்பல் ஆகியவற்றை அவர்கள் எதிர்பார்த்தார்கள். புதுச்சேரிக்கு நேர்வழி இருக்க, ஆசிரியரோ பேருந்தை முதலில் மேற்கே திருவக்கரைக்குத் திருப்பச் சொன்னார். "ஆறு போகும் வழியிலேயே நாமும் போவோம்" என்பது அவர் கூறிய காரணம்.

திருவக்கரையின் கல்மரங்கள் அம்மாணவர்களுக்குப் புதியவை அல்ல. சிறு வயது முதலே பார்த்துப் பழகியவை. ஆயினும் அன்று அவற்றை வேறொரு கண்ணால் பார்க்கும்படி ஆசிரியர் கேட்டுக்கொண்டார். ஏறத்தாழ இரண்டு கோடி ஆண்டுகளுக்கு முன் வெள்ளத்தில் அடித்துவரப்பட்டு மணலுக்குள் புதையுண்ட மரங்களின் ஒவ்வோர் அணுவிலும் மணற்சத்து மெல்ல மெல்லப் புகுந்து, மரத்தின் வடிவம் மாறாமல் அது கல்லாகிவிட்டது. பிரெஞ்சு இயற்கை ஆய்வாளர் சொன்னேரா 18ஆம் நூற்றாண்டில் இவற்றைப் பற்றி எழுதினார். 1940ஆம் ஆண்டில் இந்திய நிலப்பொதியியல் ஆய்வுத் துறை இவ்விடத்தைக் கல்மரப் பூங்காவாக அமைத்துக் காத்தது. பட்டையின் வரியும் கணுவின் வளையமும் இன்றும் தெரிகின்றன.

அருகிலேயே சந்திரமௌலீசுவரர் கோயில் நிற்கிறது. திருஞானசம்பந்தரால் பாடப்பெற்ற இத்தலத்தைச் சோழ அரசி செம்பியன் மாதேவியார் கற்றளியாக்கினார். இயற்கை எழுதிய கல்லும் மனிதர் எழுதிய கல்லும் ஓரிடத்தில் இருப்பதைச் சுட்டிய ஆசிரியர், "கல்லில் இருப்பதைப் படிப்பது எளிது. இன்று மாலை மண்ணில் இருப்பதைப் படிக்கப் போகிறோம், அது கடினம்" என்றார்.

காட்சிக்கூடத்தில் சில உடைசல்கள்

புதுச்சேரி அருங்காட்சியகத்தின் கண்ணாடிப் பேழைகளில் அரிக்கமேட்டுப் பொருள்கள் வைக்கப்பட்டுள்ளன. அவற்றுள் முழுமையானவை சிலவே. பெரும்பாலானவை உடைந்த ஓடுகள். இரு காதுகளும் கூர்த்த அடியும் கொண்ட ஆம்போரா என்னும் சாடிகளின் துண்டுகள் ஒருபுறம் உள்ளன. இச்சாடிகள் நடுநிலக்கடல் நாடுகளிலிருந்து மதுவையும் ஒலிவ எண்ணெயையும் மீனிலிருந்து வடித்த ஒருவகைச் சாற்றையும் சுமந்து வந்தவை. கப்பலின் அடித்தளத்தில் நெருக்கமாக அடுக்குவதற்கு ஏற்ற வகையில் அவற்றின் அடிப்பகுதி கூராக்கப்பட்டிருந்தது.

மற்றொருபுறம், சிவந்த மேற்பூச்சுடன் மின்னும் மெல்லிய கலங்களின் ஓடுகள் உள்ளன. இத்தாலியின் அரேத்சோ நகரில் செய்யப்பட்டமையால் இவற்றை அரிட்டைன் கலங்கள் என்பர். அக்கலங்களைச் செய்தவர்கள் தங்கள் பெயரை அடியில் முத்திரையாகப் பதித்தனர். 'விபியே', 'கமூரி', 'இத்தா' ஆகிய முத்திரைகள் அரிக்கமேட்டில் கிடைத்துள்ளன. இத்தாலியக் குயவர் ஒருவர் ஈர மண்ணில் அழுத்திய பெயர், கடல்கள் கடந்து அரியாங்குப்பத்தாற்றின் கரையில் வந்து உறங்கியது.

இவற்றினும் மாணவர்களின் கண்ணைக் கவர்ந்தவை மணிகளே. சூதுபவளம், பளிங்கு, செவ்வந்திக்கல் ஆகிய கல்மணிகளும் பல நிறக் கண்ணாடி மணிகளும் அங்கு இருந்தன. அரிக்கமேடு மணிகள் வந்திறங்கிய இடம் மட்டுமன்று. அவை செய்யப்பட்ட இடமும் ஆகும். பாதி துளையிட்ட மணிகளும் கண்ணாடிக் கழிவுகளும் அதற்குச் சான்று. உருகிய கண்ணாடியை நீண்ட குழலாக இழுத்து, அக்குழலைச் சிறு சிறு துண்டுகளாக வெட்டி, மீண்டும் சூடேற்றி மழுக்குவது இங்கிருந்த கைவினைஞர் அறிந்திருந்த முறை. இவ்வகை மணிகள் ஆப்பிரிக்காவின் கீழைக்கரை முதல் தென்கிழக்காசியா வரை பரவிக் கிடப்பதால் ஆய்வாளர் இவற்றை இந்தோ பசிபிக் மணிகள் என்பர். ஆந்திர மாநிலத்துப் பாப்பாநாயுடுபேட்டையில் இதே முறையில் மணி செய்யும் தொழில் அண்மைக்காலம் வரை வாழ்ந்து வந்துள்ளது.

மேட்டின்மேல் ஒரு கேள்வி

நண்பகல் கடந்து பேருந்து அரிக்கமேட்டை அடைந்தது. மரநிழலும் ஆற்றுக்காற்றும் இதமாக இருந்தன. ஆனால், மாணவர்கள் எதிர்பார்த்த தூண்கள் இல்லை. படித்துறை இல்லை. தோப்பின் நடுவே செங்கற்சுவரின் எச்சம் ஒன்று மட்டும் நின்றது. அனைவரும் அதை நோக்கி ஓடினர். "இதுதானே ஐயா யவனர் கட்டியது?" என்று ஒரு மாணவி கேட்டாள்.

"இல்லையம்மா. இது கிறித்தவ மறைப்பணியாளர் 18ஆம் நூற்றாண்டில் கட்டிய கல்வியில்லத்தின் எச்சம். இதற்கு இருநூற்றைம்பது வயதுதான் ஆகிறது" என்றார் ஆசிரியர்.

அம்மாணவியின் முகம் வாடியது. "அப்படியானால் இங்கே பார்ப்பதற்கு ஒன்றுமே இல்லையே, ஐயா!"

அக்கேள்வி அவளுடையது மட்டுமன்று. அரிக்கமேட்டுக்கு வரும் பலரும் அவ்வாறே ஏமாற்றத்துடன் திரும்புகின்றனர். தொன்மை என்றால் கண்ணுக்கு முன் நிமிர்ந்து நிற்க வேண்டும் என்று நாம் எண்ணிப் பழகியிருக்கிறோம். எகிப்தின் அலெக்சாந்திரியா உலகப் புகழ்பெற்ற பழந்துறைமுகம். தமிழகத்து மிளகும் முத்தும் மெல்லாடையும் அந்நகரின் வழியாகவே உரோமப் பேரரசுக்குள் நுழைந்தன. உலக வியப்புகள் ஏழனுள் ஒன்றாக எண்ணப்பட்ட அதன் கலங்கரை விளக்கம் நிலநடுக்கங்களால் இடிந்து போயிற்று. அது நின்ற இடத்தில் 15ஆம் நூற்றாண்டில் எழுந்த கைத்பே கோட்டையையே பயணிகள் இன்று காண்கின்றனர். பெரும்புகழ் படைத்த நகரங்களிலும்கூட மேலே நிற்பது பின்னாளையது. கீழே கிடப்பதே முன்னாளையது.

"பார்ப்பதற்கு ஒன்றுமில்லை என்று சொன்னாய் அல்லவா? நீ நின்றுகொண்டிருப்பதே அதன்மேல்தான்" என்றார் ஆசிரியர். அம்மாணவி தன்னையறியாமல் ஓரடி பின்வாங்கினாள். பின்வாங்கி நின்ற இடமும் அந்தத் துறைமுகத்தின் மேலேயே இருந்தது.

கண்டவர்களும் கைவிட்டவர்களும்

அரிக்கமேடு கண்டறியப்பட்ட வரலாறு தற்செயல்களும் தவறுகளும் பொறுமையும் கலந்தது. வெள்ளிக்கோள் கதிரவனைக் கடந்து செல்லும் அரிய காட்சியைக் காண்பதற்காகப் பிரெஞ்சு வானியலாளர் லெ ஜாந்தீல் புதுச்சேரிக்கு வந்து காத்திருந்தார். 1769ஆம் ஆண்டு சூன் திங்களில் அந்நாள் வந்தபோது மேகம் மூடிக்கொண்டது. வானம் அவரை ஏமாற்றியது. ஆனால், ஆற்றங்கரையில் வெளிப்பட்டிருந்த பெரிய பழஞ்செங்கற்களை ஊர்மக்கள் எடுத்துச் செல்வதை அவர் கண்டு எழுதிவைத்தார். அவர் தேடிவந்தது கிடைக்கவில்லை. அவர் தேடாதது அவர் நூலில் இடம்பெற்றது.

அதன்பின் நூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேலாக எவரும் அதைப் பெரிதாகக் கருதவில்லை. 1937ஆம் ஆண்டளவில் புதுச்சேரியில் வாழ்ந்த பிரெஞ்சுப் பேராசிரியர் ழுவோ துப்ரேயில், இப்பகுதிச் சிறுவர்கள் மண்ணில் பொறுக்கி வைத்திருந்த மணிகளையும் கற்களையும் விலைகொடுத்து வாங்கினார். அவற்றுள் ஒரு கல்லில் மனிதத் தலையொன்று செதுக்கப்பட்டிருந்தது. அதனை உரோமப் பேரரசர் அகஸ்டசின் உருவம் என்று கருதிய அவர், இது மெய்யாகவே ஓர் உரோம நகரம் என்று அறிவித்தார்.

அறிவிப்பின் விளைவாக ஆர்வம் பெருகியது. 1940களின் தொடக்கத்தில் தொல்லியற்பயிற்சி இல்லாதவர்கள் இம்மேட்டைத் தோண்டினர். கிடைத்த பொருள்கள் பல இடங்களுக்குச் சிதறின. சில வியட்நாமின் ஹனோய் வரை சென்றன. எந்தப் பொருள் எந்த ஆழத்தில், எதனோடு சேர்ந்து கிடைத்தது என்னும் செய்தி முழுமையாகப் பதிவாகவில்லை.

அக்காலத்தில் இந்தியத் தொல்லியல் துறையின் தலைமை இயக்குநராக இருந்தவர் மார்ட்டிமர் வீலர். சென்னை அருங்காட்சியகத்தில் இருந்த அரிக்கமேட்டு ஆம்போராத் துண்டு அவர் கண்ணில் பட்டது. உடனே புதுச்சேரிக்கு விரைந்த அவர், அங்கிருந்த சேகரிப்பில் அரிட்டைன் ஓடுகளையும் கண்டார். அந்நாளில் புதுச்சேரி பிரெஞ்சு ஆட்சிப் பகுதி. எனவே, பிரெஞ்சு அரசின் இசைவோடு 1945இல் இந்திய மாணவர்களையும் உடன்சேர்த்துக்கொண்டு முறையான அகழாய்வை நடத்தினார். ஏறத்தாழ 45 மீட்டர் நீளமுள்ள செங்கற்கட்டடம் ஒன்றின் அடித்தளம் வெளிப்பட்டது. அதனைச் சரக்குக் கிடங்கு என்று அவர் கருதினார். செங்கல்லால் கட்டிய தொட்டிகளும் வடிகால்களும் வெளிப்பட்டன. மெல்லிய பருத்தி ஆடைகளுக்குச் சாயம் ஏற்றிய தொட்டிகளாக அவை இருக்கலாம் என்பது அவர் கருத்து. உறைகிணறுகளும் தமிழி எழுத்துப் பொறித்த பானையோடுகளும் கிடைத்தன. அடுத்து 1947 முதல் 1950 வரை பிரெஞ்சுத் தொல்லியலாளர் கசால் இங்கு ஆய்வு செய்தார். 1989 முதல் 1992 வரை விமலா பெக்லியின் தலைமையில், அமெரிக்காவின் பென்சில்வேனியாப் பல்கலைக்கழகமும் சென்னைப் பல்கலைக்கழகமும் இணைந்து அகழ்ந்தன.

மண்ணடுக்கின் மொழி

ஆசிரியர் இச்செய்திகளைக் கூறிக்கொண்டிருந்தபோது, அம்மாணவி ஆற்றை ஒட்டிய சரிவில் இறங்கினாள். மழைநீர் அரித்த மண்ணில் விரல் அகலமுள்ள ஓர் ஓடு துருத்திக்கொண்டிருந்தது. அதைப் பெயர்த்தெடுத்துத் துடைத்தாள். கறுத்த உட்புறமும் சிவந்த வெளிப்புறமும் கொண்ட சாதாரணப் பானையோடு அது. கைக்குட்டையில் அதை முடிந்துகொண்டு மேலே வந்தாள்.

அவளுடைய முகத்தைப் பார்த்ததும் ஆசிரியருக்குப் புரிந்துவிட்டது. அவர் கடிந்துகொள்ளவில்லை. "எங்கிருந்து எடுத்தாய், அம்மா?" என்று கேட்டார்.

"கீழே, கரையோரத்தில், ஐயா."

"எவ்வளவு ஆழத்தில் இருந்தது? அதற்கு மேலே என்ன நிற மண்? பக்கத்தில் வேறென்ன இருந்தது?"

அவளால் விடைகூற இயலவில்லை. "பார்க்கவில்லை, ஐயா" என்று மெல்லச் சொன்னாள்.

"அந்த ஓடு ஒரு சாட்சி. சாட்சியை நிகழ்விடத்திலிருந்து அப்புறப்படுத்திவிட்டால், அது பேசும் திறனை இழந்துவிடுகிறது" என்றார் ஆசிரியர்.

அவர் கூறியதன் பொருள் ஆழமானது. மக்கள் வாழும் இடத்தில் மண் அடுக்கடுக்காகச் சேர்கிறது. இடிந்த சுவர், அடுப்புச் சாம்பல், உடைந்த கலம், வெள்ளம் கொணர்ந்த வண்டல் ஆகிய ஒவ்வொன்றும் ஓர் அடுக்கு. கீழடுக்கு பழையது, மேலடுக்கு புதியது. ஓரடுக்கில் உள்ள பொருள்கள் ஏறக்குறைய ஒரே காலத்தவை. அரிக்கமேட்டில் வீலர் கண்ட மெய்யான புதையல் பொன்னோ மணியோ அன்று. இந்த அடுக்குமுறை தந்த காலக்கணிப்பே ஆகும்.

அரிட்டைன் கலங்கள் இத்தாலியில் எப்போது செய்யப்பட்டன என்பதை ஐரோப்பிய ஆய்வாளர் முன்னரே அறிந்திருந்தனர். கி.பி. முதல் நூற்றாண்டின் நடுப்பகுதிக்குப் பின் அவை வழக்கொழிந்தன. ஆகவே, அக்கலத்தின் ஓடு கிடைக்கும் அடுக்கின் காலமும் தெரிந்துவிடுகிறது. அதே அடுக்கில் தமிழகத்துப் பானையோடுகள் கிடைத்தால் அவற்றின் காலமும் தெரிந்துவிடும். அவ்வகை ஓடுகள் தமிழகத்தின் வேறோர் ஊரில் தனித்துக் கிடைத்தாலும், அவ்வூரின் காலத்தைக் கணிக்க வழி பிறக்கும். இத்தாலியக் குயவர் ஒருவரின் முத்திரை, தமிழகத்துக் குயவர் பலரின் காலத்தைக் காட்டும் கைவிளக்காயிற்று. தென்னிந்தியத் தொல்லியல் வரலாற்றில் அரிக்கமேடு பெற்ற சிறப்பிடத்துக்கு இதுவே காரணம்.

ஓடு அடுக்கில் இருந்தமையால்தான் இது இயன்றது. அதே ஓடு ஒரு சிறுவனின் சட்டைப்பையிலோ, செல்வர் ஒருவரின் காட்சிப்பேழையிலோ இருந்திருந்தால் அழகிய உடைசல் என்பதற்குமேல் அதற்கு மதிப்பில்லை. புத்தகத்திலிருந்து கிழித்தெடுத்த ஓர் எழுத்தை வைத்துக்கொண்டு கதையைப் படிக்க முடியுமா?

யாருடைய துறைமுகம்?

அரிக்கமேட்டை உரோமர் குடியேற்றம் என்றே நெடுங்காலம் பலர் நம்பினர். வீலர் தம் அறிக்கையில் இதனை இந்திய உரோம வணிகத்தலம் என்று குறித்தார். உரோமத் தொடர்பு தொடங்கியதால் ஊர் தோன்றியது, தொடர்பு நின்றதும் ஊர் மறைந்தது என்பது போன்ற எண்ணம் அதனால் பரவியது. பொறுமையான பின்னாளைய ஆய்வு அதைத் திருத்தியது.

யவனக் கலங்கள் வருவதற்கு முன்பே இங்கு மக்கள் வாழ்ந்ததையும், உரோம வணிகம் தளர்ந்த பின்னரும் ஊர் தொடர்ந்ததையும் பெக்லி குழுவின் அகழாய்வு காட்டியது. கி.மு. இரண்டாம் நூற்றாண்டளவில் தொடங்கிய இவ்வூரின் வாழ்வுக்கு இடைக்காலம் வரையிலும் சான்றுகள் உள்ளன. சோழர் காசும் சீனப் பீங்கானும் அவற்றுள் அடங்கும். உட்புற அடியில் நுண்புள்ளிகள் வட்டவட்டமாகப் பதிந்த ரௌலெட்டெட் கலங்களை நடுநிலக்கடல் நாட்டவை என்று முதலில் எண்ணினர். அவை இந்தியாவிலேயே செய்யப்பட்டவை என்பது பின்னர்த் தெளிவாயிற்று. எனவே, யவனர் வந்து உண்டாக்கிய ஊராக இதனைக் கருதுவதற்கில்லை. யவனர் தேடிவரும் அளவுக்கு முன்பே வளர்ந்திருந்த ஊர் இது.

கி.பி. முதல் நூற்றாண்டில் கிரேக்க மொழியில் எழுதப்பட்ட எரித்திரியக் கடற்பயண நூலும் இதற்குத் துணைநிற்கிறது. கீழைக்கரைத் துறைமுகங்களாகக் கமரா, பொதுகா, சோபட்மா ஆகிய மூன்றை அது வரிசைப்படுத்துகிறது. தமிழகக் கரையோரமாகச் செல்லும் உள்நாட்டுக் கப்பல்களும் பெருங்கடலைக் கடக்கும் பெரிய கப்பல்களும் அங்கு இருந்ததையும் கூறுகிறது. கமரா என்பது காவிரிப்பூம்பட்டினம் என்றும், பொதுகா என்பது அரிக்கமேடு என்றும் அறிஞர் பலர் கொள்வர். சோபட்மா என்பது மரக்காணம் என்பது ஆய்வாளர் சிலரின் கருத்து. சிறுபாணாற்றுப்படை கூறும் எயிற்பட்டினமும் மரக்காணமே என்பர். அந்நூலின் தலைவனாகிய ஓய்மானாட்டு நல்லியக்கோடனின் கிடங்கில், இன்றைய திண்டிவனத்தின் ஒரு பகுதியாக விளங்குகிறது. திண்டிவனம், மரக்காணம், வானூர், அரிக்கமேடு என இன்று நாம் தனித்தனியே அறியும் ஊர்கள், ஒரு காலத்தில் ஒரே கடற்கரையின் வாழ்வைப் பகிர்ந்துகொண்டவை.

வணிகம் ஒருவழிப் பாதையாகவும் இருக்கவில்லை. எகிப்தில் செங்கடற்கரையிலுள்ள பழந்துறைமுகம் பெரனிகே. அங்குள்ள கோயிலொன்றில் இந்தியச் சாடி ஒன்றினுள் ஏறத்தாழ ஏழரைக் கிலோ மிளகு கண்டெடுக்கப்பட்டது. அதே கடற்கரையின் குசேர் அல் காதிம் என்னுமிடத்தில் கணன், சாதன் என்னும் தமிழ்ப்பெயர்கள் பொறித்த ஓடுகள் கிடைத்தன. மற்றோர் ஓட்டில் 'பானை ஒறி' என்று எழுதப்பட்டிருப்பதை ஐராவதம் மகாதேவன் படித்தறிந்தார். பானையைத் தொங்கவிடும் உறியே அது. நம் பாட்டிமார் அடுக்களையில் கட்டித் தொங்கவிட்ட அதே உறி, செங்கடல் துறைமுகமொன்றில் எழுத்தாய் நின்றிருக்கிறது. இத்தாலியக் குயவரின் பெயர் இங்கே கிடைத்ததுபோல், தமிழ் வணிகரின் பெயர் அங்கே கிடைத்தது. கோடைக்காலத் தென்மேற்குப் பருவக்காற்று அவர்களை இங்குக் கொணர்ந்தது. மாரிக்காலத்தின் வடகிழக்குக் காற்று நம்மவரை அங்குக் கொண்டுசென்றது.

திரும்பக் கொடுத்த ஓடு

பொழுது சாயத் தொடங்கியது. ஆற்றில் ஒரு படகு மெல்லச் சென்றது. மாணவர்கள் பேருந்துக்குத் திரும்பும் வேளையில், அம்மாணவி தனியே நின்று கைக்குட்டையை அவிழ்த்தாள். "இதைத் திரும்ப அங்கேயே வைத்துவிட்டால் சரியாகிவிடுமா, ஐயா?" என்று கேட்டாள்.

"முழுமையாகச் சரியாகாது. அதன் பழைய இடம் போனது போனதுதான். ஆனாலும், இது இந்த மேட்டுக்கு உரியது. காவலரிடம் கொடுத்து, எங்கே எடுத்தாய் என்று சொல்லிவிடு" என்றார் ஆசிரியர்.

அவள் அவ்வாறே செய்தாள். காவலர் அவளோடு சரிவுவரை நடந்து வந்து இடத்தைப் பார்த்துக்கொண்டார்.

திரும்பும் வழியில் அவள் யாரோடும் பேசவில்லை. பேருந்து வானூரை நெருங்கி, செம்மண் நிலங்களும் முந்திரித் தோப்புகளும் தென்படத் தொடங்கியதும் எழுந்து ஆசிரியர் அருகில் வந்தாள்.

"ஐயா, எங்கள் கொல்லையில் போன ஆண்டு கிணறு வெட்டும்போது பெரிய பானை ஒன்று வந்தது. ஆள் உட்காரும் அளவு பெரியது. உள்ளே சின்னச் சின்னக் கிண்ணங்கள் இருந்தன. எல்லாவற்றையும் உடைத்து வரப்பில் போட்டுவிட்டார்கள். நானும் இரண்டைக் கல்லால் அடித்து உடைத்தேன்."

ஆசிரியர் சிறிது நேரம் அமைதியாக இருந்தார். பின்னர், "அது முதுமக்கள் தாழியாக இருக்கலாம், அம்மா" என்றார். இறந்தோரைத் தாழியில் இட்டுப் புதைப்பது பண்டைத் தமிழர் வழக்கங்களுள் ஒன்று. சங்கராபரணிக் கரையிலுள்ள சுத்துக்கேணியிலும் புதுச்சேரியை அடுத்த முத்திரைப்பாளையத்திலும் இத்தகைய ஈமக்காடுகளைக் கசால் அகழ்ந்து பதிவு செய்துள்ளார். துறைமுகத்தில் சரக்கேற்றியவர்களும் அதற்கு உள்நாட்டிலிருந்து பொருள் அனுப்பியவர்களும் எங்கோ வாழ்ந்திருக்க வேண்டும். எங்கோ புதைக்கப்பட்டிருக்க வேண்டும். அந்த 'எங்கோ' அவர்கள் ஊர்க் கொல்லையாகவும் இருக்கலாம்.

"தெரியாமல் செய்துவிட்டேன், ஐயா" என்றபோது அவள் குரல் தழுதழுத்தது.

"செங்கல் பொறுக்கிய ஊர்மக்களுக்கும் தெரியாது, மணி விற்ற சிறுவர்களுக்கும் தெரியாது. தெரியாத வரையில் அது குற்றமில்லை. இன்று முதல் உனக்குத் தெரியும்" என்றார் அவர். இத்தகைய பொருள்கள் கிடைத்தால் கிராம நிர்வாக அலுவலரிடமோ வட்டாட்சியரிடமோ தெரிவிக்க வேண்டும் என்றும், அவர்கள் வழியே செய்தி தொல்லியல் துறையைச் சேரும் என்றும் விளக்கினார்.

அன்றிரவு அவள் தந்தையிடம் அரிக்கமேட்டைப் பற்றி நெடுநேரம் பேசினாள். தந்தைக்கு உரோமப் பேரரசு எங்கிருந்தது என்பது தெரியாது. ஆனால், தாழி என்றதும் அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். கிணற்றுக்கு அப்பால் வடமூலையில், மழையில் மண் கரைந்து இன்னொரு பானையின் வாய் வட்டமாகத் தெரிவதை அவர் கண்டிருந்தார். அடுத்த வாரம் அங்கு வாய்க்கால் வெட்ட ஆள் சொல்லியிருந்தார்.

"அப்பா, அந்த மூலையை மட்டும் இப்போது தோண்ட வேண்டாம்" என்றாள் மகள்.

அவர் உடனே விடை சொல்லவில்லை. வாய்க்காலைத் திருப்பினால் கூலியும் நேரமும் கூடும். விடிந்ததும் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு கொல்லைக்குச் சென்றார். பானையின் வாயைச் சுற்றி நான்கு குச்சிகளை நட்டு, அவற்றில் கயிறு கட்டினார். பின்னர் மகளை அழைத்து, "உங்கள் ஐயாவை ஒருநாள் வந்து பார்க்கச் சொல்லம்மா. அதுவரைக்கும் இது இப்படியே இருக்கட்டும்" என்றார்.